வாசல் தாண்டும் பிள்ளைக்கு வழித்துணை

மாதா, பிதா, குரு, தெய்வம் என்னும் வரிசையை நம்மவர் பிள்ளை பேசத் தொடங்கும் நாளிலேயே சொல்லிக் கொடுத்து விடுகின்றனர். தாய் தந்தையைக் காட்டுகிறாள். தந்தை குருவிடம் சேர்ப்பிக்கிறார். குரு தெய்வத்தை உணர்த்துகிறார் என்று பெரியோர் இதற்கு விளக்கம் கூறுவர். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் பிள்ளை மாறிச் செல்லும் பாதை இது. இப்பாதையின் முதலிரு கைகளும் இல்லாமற்போன பிள்ளையின் நிலை என்ன என்பதை நாம் அதிகம் சிந்திப்பதில்லை.

அவ்வினாவின் ஒரு பகுதியையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. பெற்றோர் இன்றியோ, பெற்றோர் இருந்தும் அவர்களோடு வாழ இயலாமலோ, சிறுவர் இல்லத்தில் அல்லது பிறர் வீட்டில் வளர்ந்த பிள்ளை 18 வயதில் அவ்விடத்தை விட்டு வெளியேறுகின்றது. அப்பிள்ளைக்கு ஊராராகிய நாம் கடமைப்பட்டிருக்கின்றோமா? கடமை உண்டெனில் அது எத்தகையது? எந்த அளவுடையது? ஆலய வாசலில் கூடும் நாம் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய அறக்கேள்வி இது.

யார் இந்தப் பிள்ளைகள்?

சிறுவர் இல்லம் என்றதும் தாயும் தந்தையும் இறந்துபோன பிள்ளைகளே நம் நினைவுக்கு வருகின்றனர். உண்மை அதுவன்று. நமது நாட்டு இல்லங்களில் வாழ்வோரில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கின்றனர். மலையகத்தைப் பொறுத்தவரை இதன் காரணங்களை நாம் நன்கறிவோம். தாய் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்கிறாள்; தந்தை மதுவுக்கு அடிமையாகிறார் அல்லது வேறு குடும்பம் தேடிக்கொள்கிறார்; பாட்டி தன்னால் இயன்றவரை பார்த்துக்கொள்கிறாள்; பாட்டி படுக்கையில் விழுந்ததும் பிள்ளைக்கு இடமில்லாமற் போகின்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், மூன்று வேளை உணவாவது கிடைக்கட்டும் என்று பிள்ளையை இல்லத்தில் சேர்க்க நினைத்த குடும்பங்களும் உண்டு.

இவ்வாறான பிள்ளைகளைக் காப்பதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை உறவினராயினும் அல்லாதவராயினும் தகுதியுள்ள ஒருவரின் பராமரிப்பில் நீதிமன்றம் ஒப்படைக்கலாம். 1941 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அநாதை இல்லங்களை ஒழுங்குபடுத்துவதற்கென வந்தது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களமும் அதன் உத்தியோகத்தர்களும் இப்பணியில் ஈடுபட்டுள்ளனர். சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. 1998 இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைக்கப்பட்டது.

ஆயினும் இவை யாவும் சிறுவர் என்ற சொல்லைச் சுற்றியே நிற்கின்றன. 1989 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் நமது நாட்டில் முழு வயதை 21 இலிருந்து 18 ஆகக் குறைத்தது. பிறந்த நாள் விடிந்ததும் பிள்ளை பெரியவராகி விடுகின்றது. முதல் நாள் வரை அப்பிள்ளைக்காகக் கையொப்பமிட ஒருவர் இருந்தார். மறுநாள் முதல் அப்பிள்ளையின் கையொப்பமே போதும். அப்பிள்ளைக்காக ஒப்பமிடும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

பதினெட்டாம் பிறந்த நாள்

நம் வீட்டுப் பிள்ளைக்கு 18 வயதாகும்போது என்ன நடக்கின்றது? பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. அம்மா பாயாசம் வைக்கிறாள். மறுநாளும் அதே லயக் காம்பராவில் பிள்ளை உறங்குகின்றது. க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதும்போது பலருக்கு 18 கடந்து விடுகின்றது. அதாவது, சட்டம் முழு வயது என்று சொல்லும் நாளில் நம் பிள்ளைகள் இன்னும் பாடசாலைச் சீருடையில் இருக்கின்றனர். படிப்பு முடிந்தும் வேலை கிடைக்கும் வரை, வேலை கிடைத்தும் திருமணம் வரை, திருமணமாகியும் முதற் பிரசவம் வரை, நாம் அவர்களைத் தாங்கிக்கொண்டே இருக்கின்றோம். இதனை எவரும் சலுகை என்று சொல்வதில்லை. பெற்றவர் செய்வது என்றே சொல்கின்றோம்.

இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கோ அந்நாள் ஒரு பெட்டியோடு விடிகின்றது. சில இல்லங்கள் படிப்பு முடியும் வரை வைத்திருக்கின்றன, தொழிற்பயிற்சிக்கு வழிசெய்கின்றன. எல்லா இல்லங்களாலும் அது இயல்வதில்லை. காத்திருக்கும் சிறிய பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்பதும் நியாயமான காரணமே. ஆகவே எவரையும் குறைகூற வேண்டியதில்லை. வெளியே வந்த பிள்ளை எதை எதிர்கொள்கின்றது என்பதையே பார்க்க வேண்டும்.

முதலாவது, முகவரி. தேசிய அடையாள அட்டைக்கும் வாக்காளர் இடாப்புக்கும் கிராம உத்தியோகத்தரின் சான்றுக்கும் நிரந்தர முகவரி வேண்டும். தோட்டத்தில் காம்பரா என்பது அங்கே தொழில் செய்யும் குடும்பத்துக்கு உரியது. பத்து வருடம் வெளியே வளர்ந்த பிள்ளை திரும்பி வந்து உரிமை கோரும் வீடு அங்கில்லை. இரண்டாவது, பத்திரங்கள். பிறப்புப் பதிவு உரிய காலத்தில் செய்யப்படாத பிள்ளை, உத்தேச வயதுச் சான்றிதழுக்காகக் காரியாலயம் காரியாலயமாக அலைய நேரிடும். மூன்றாவது, அன்றாட அறிவு. நேர அட்டவணைப்படி வளர்ந்த பிள்ளைக்குச் சம்பளத்தை முப்பது நாளுக்குப் பங்கிடத் தெரியாது. வாடகைக்கு வீடு பேசத் தெரியாது. காய்ச்சல் வந்தால் எந்த வைத்தியரிடம் போவது, மேலாளர் திட்டினால் பொறுத்துக்கொள்வதா வெளியேறுவதா என்று கேட்க ஆளில்லை.

நான்காவது, எண்ணிப் பார்த்தால் மிகச் சிறியது போலத் தோன்றும். ஆனால் மிகப் பெரியது. கொழும்பில் வேலை செய்யும் நம் இளைஞர்கள் தீபாவளிக்கு முதல் நாள் புறக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து, கித்துல்கல, கினிகத்தேனை வழியே நெரிசலில் நின்றபடி ஊர் வந்து சேர்கின்றனர். கடை மூடிவிடும், விடுதி வெறிச்சோடும். எல்லோரும் போன பின்னர், அந்தப் பிள்ளை எங்கே போகும்? போய்ச் சேர ஒரு வாசல் இல்லாமை என்பது வறுமையிலும் கொடியது.

அங்க தேசமும் அதன் விலையும்

நம் இதிகாச புராணங்களில் வளர்ப்புப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. முருகப் பெருமானைக் கார்த்திகைப் பெண்கள் அறுவர் வளர்த்தனர். அவர்களாலேயே அவன் கார்த்திகேயன் எனப் பெயர் பெற்றான். கண்ணனை யசோதை வளர்த்தாள். வளர்த்தவரின் பெருமையைத் தெய்வத்தின் பெயரிலேயே பொறித்து வைத்த சமயம் நம்முடையது. எனினும் நமது கேள்விக்கு மிகவும் நெருங்கியவன் கர்ணனே.

அதிரதனும் ராதையும் அவனை அன்புக் குறைவின்றி வளர்த்தனர். குழந்தைப் பருவத்துக்கு அது போதுமாயிருந்தது. வாலிபனாகி, அரங்கத்தில் தன் வில்வித்தையைக் காட்ட அவன் வந்து நின்றபோதுதான் இடர் நேர்ந்தது. உன் குலம் யாது, பெற்றோர் யாவர் என்று கிருபாசாரியார் கேட்டார். கர்ணன் தலை கவிழ்ந்தான். அரங்கில் பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார், விதுரர் இருந்தார். பெற்ற தாயும் இருந்தாள். ஒருவரும் எழவில்லை. எழுந்தவன் துரியோதனன் ஒருவனே. அங்க தேசத்தை அந்த இடத்திலேயே கொடுத்து முடிசூட்டினான்.

துரியோதனன் செய்தது தவறா? அந்த நேரத்தில் அது பேருதவி. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அருச்சுனனுக்கு எதிராக ஒரு வில் அவனுக்கு வேண்டியிருந்தது. அந்த ஒரு நாளின் உதவியைக் கர்ணன் வாழ்நாள் முழுவதும் திருப்பிச் செலுத்தினான். தவறென்று தெரிந்த சபையிலும் நண்பன் பக்கம் நின்றான். குருக்ஷேத்திரத்தில் உயிரையும் கொடுத்தான். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் அதனைப் போற்றுகின்றோம். போற்றும்போது ஒன்றை மறந்து விடுகின்றோம். அன்று நல்லவர் ஒருவர் எழுந்து, இவனுக்கு நான் இருக்கின்றேன் என்று சொல்லியிருந்தால், அந்தக் கடன் அவ்வாறு ஏற்பட்டிருக்காது. நல்லவர்கள் கை நீட்டாத இடத்தில் வேறொருவர் கை நீட்டுவார். அது வெறுங்கையாக இராது.

இது பழங்கதை மட்டுமன்று. ஆதரவற்ற 18 வயதுப் பிள்ளையைத் தேடி இன்றும் கைகள் வருகின்றன. சாப்பாடும் தங்குமிடமும் தருகிறேன் என்று அழைத்துச் சென்று சம்பளத்தைத் தள்ளிப்போடும் முதலாளி வருகின்றார். கடவுச்சீட்டுச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்னும் தரகர் வருகின்றார். போதைப்பொருள் விற்போர் முதலில் தோழராகவே வருகின்றனர். திருமணம் செய்துகொள்கிறேன் என்னும் சொல்லை நம்பிச் சென்று கைக்குழந்தையோடு திரும்பிய பெண்பிள்ளைகளும் உண்டு. அப்பிள்ளைகளின் அறிவீனம் என்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது. உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற சொல்லை முதன்முதலில் கேட்ட காது, சொன்னவர் யார் என்று ஆராயுமா?

நம் முன்னோர் அறிந்த துண்டு

உதவிக்கும் கடனுக்கும் இடையிலான வேறுபாட்டை மலையக மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நம் முன்னோரைத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து அழைத்து வந்தவர்கள் கங்காணிமார். அறியாத நாட்டில், அறியாத மொழிக்கு நடுவே, அவர்களே வழிகாட்டிகள். துரையிடம் பேசியவர்கள் அவர்கள். கல்யாணம் கருமாதிக்கு முன்நின்றவர்கள் அவர்கள். தோட்டங்களில் ஆலயங்கள் எழும்பவும் காரணமாயிருந்தோர் பலர். அந்த நன்மையை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் வழிச்செலவு முற்பணமாக எழுதப்பட்டது. முற்பணம் கடனாயிற்று. கடன் துண்டு எனப்பட்ட சீட்டில் ஏறியது. அந்தத் துண்டைப் பெற்றுக் கடனை ஏற்றுக்கொள்ளாமல் வேறு தோட்டம் தொழிலாளியைச் சேர்த்துக்கொள்ள முடியாது. வழிகாட்டியவர் கையிலேயே வழியை அடைக்கும் தாளும் இருந்தது. 1921 ஆம் ஆண்டில் சட்டத்தினால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

தாள் ஒழிந்தது; அந்த மனப்பான்மை முற்றாக ஒழிந்து விட்டதா என்பதே கேள்வி. ஓர் ஏழைப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அப்பிள்ளை வீதியில் கண்டு கும்பிடவில்லை என்று வருந்துவோர் உண்டு. உதவி பெற்ற பிள்ளையை மேடையில் ஏற்றிப் படம் பிடிப்போர் உண்டு. நான் படிக்க வைத்த பையன் என் சொல்லைக் கேட்காமல் வேறு தொழிலுக்குப் போய்விட்டான் என்று கோபிப்போர் உண்டு. எழுதப்படாத துண்டு இவர்கள் கையில் இருக்கின்றது. நன்றி என்பது பெற்றவர் உள்ளத்தில் தானாக ஊறவேண்டியது. கொடுத்தவர் அதனைக் கேட்டு வாங்கத் தொடங்கிய கணத்தில் அது வட்டியாகி விடுகின்றது.

திலகவதியார் திறந்து வைத்த வாசல்

அப்படியானால் கடனாக மாறாத வழித்துணை எப்படி இருக்கும்? சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அதற்கு ஓர் உருவம் காட்டுகின்றார்.

திருவாமூரில் புகழனாரும் மாதினியாரும் அடுத்தடுத்து மறைந்தனர். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டார். உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பி மருணீக்கியாருக்காக உயிர் தாங்கினார். இளம்பெண் ஒருத்தி தம்பியை வளர்த்து ஆளாக்கினார். தம்பி வளர்ந்து தமக்கென ஒரு வழியைத் தேர்ந்தார். சமண சமயம் சார்ந்து பாடலிபுத்திரத்து மடம் சென்று தருமசேனர் என்னும் பெயரோடு உயர்ந்தார். தமக்கை விரும்பிய வழி அதுவன்று.

இங்கேதான் கவனிக்க வேண்டும். திலகவதியார் தம்பியைத் தடுத்து நிறுத்தவில்லை. உனக்காகத்தானே உயிர் வைத்திருந்தேன் என்று கணக்குக் காட்டவில்லை. திருவதிகை வீரட்டானத்தில் தங்கி, திருவலகிட்டும் மெழுகியும் மாலை தொடுத்தும் தொண்டு செய்து, தம்பிக்காக இறைவனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். பின்னர் சூலை நோய் வருத்த, நாதியற்ற நிலையில் ஓர் இரவில் தம்பி அந்த வாசலுக்குத் திரும்பி வந்தார். தமக்கையார் ஏன் போனாய் என்று கேளாமல் திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நாவுக்கரசர் என்னும் பெருஞ்செல்வம் நமக்குக் கிடைத்தது அந்த இரவில்தான்.

வளர்த்தது ஒரு தொண்டு. போகவிட்டது இன்னொரு தொண்டு. திரும்பி வந்தால் கண்டுகொள்ளக் கூடிய இடத்தில் தாம் இருந்தது மூன்றாவது தொண்டு. இம்மூன்றில் கடைசியே மிகக் கடினமானது, எவரும் காணாதது. தம்பி வராமலே இருந்திருந்தாலும் அந்த வாசல் திறந்தே இருந்திருக்கும்.

சாந்தோக்கிய உபநிடதத்தில் வரும் சத்தியகாமனின் கதை இதற்கு மறுபக்கம். தந்தை யாரென அறியாத சிறுவன் அவன். தாய் ஜாபாலை உண்மையை மறைக்காமல் சொன்னாள். அவனும் அதனை மறைக்காமல் கௌதமரிடம் சொன்னான். கோத்திரம் தெரியாது என்ற அந்த உண்மையையே தகுதியாகக் கொண்டு ஆசிரியர் அவனை ஏற்றார். உடனே உபதேசம் செய்து விடவில்லை. மெலிந்த 400 பசுக்களை ஒப்படைத்து அனுப்பினார். அவை 1000 ஆகும்வரை அவன் வெளியில் வாழ்ந்தான். உலகமே அவனுக்குப் பாடம் சொல்லிற்று. திரும்பி வந்தபோது ஆசிரியர் இருந்தார். எஞ்சியதைச் சொல்லி நிறைவு செய்தார். பிறப்பை ஆராயாமல் ஏற்றல், பொறுப்பைத் தந்து நம்புதல், திரும்பி வரும்போது இருத்தல் என்னும் மூன்றும் இங்கும் உள்ளன.

எழக்கூடிய ஆட்சேபங்கள்

இதற்கு நியாயமான ஆட்சேபங்கள் உண்டு. நாமே நாட்சம்பளத்துக்குப் போராடும் மக்கள். ஊரார் பிள்ளையைச் சுமக்க நம்மால் இயலுமா என்று ஒருவர் கேட்கலாம். அப்பிள்ளைக்குத் தேவையான பணம் முழுவதையும் நாம் தரவேண்டும் என்றால் இயலாதுதான். ஆனால் மேலே சொன்ன தேவைகளை மீண்டும் பாருங்கள். விண்ணப்பப் படிவம் நிரப்ப உடன் வருதல், வாடகை பேசும்போது பக்கத்தில் நிற்றல், வாரம் ஒருமுறை தொலைபேசியில் சாப்பிட்டாயா என்று கேட்டல், தீபாவளிக்கு ஓர் இலை கூடப் போடுதல் ஆகியவற்றுக்குச் செல்வம் தேவையில்லை. மனம் மட்டும் போதும் என்றும் சொல்வதற்கில்லை. நேரமும் பொறுமையும் வேண்டும்.

18 வயதானவர் சொந்தக்காலில் நிற்கப் பழக வேண்டாமா என்பது இன்னோர் ஆட்சேபம். நிற்கத்தான் வேண்டும். நமது பகுதியிலேயே இதற்கு நல்ல உவமை உண்டு. கெசல்கமுவ ஓயாவை காசல்ரீ நீர்த்தேக்கமும், மஸ்கெலியா ஓயாவை மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கமும் மேலே தாங்கி நிற்கின்றன. தேக்கிய நீரை அளவறிந்து விடுவதனாலேயே 1969 முதல் பொல்பிட்டிய மின்நிலையம் இயங்கி வருகின்றது. அதே நீரை ஒரே நாளில் திறந்து விட்டால் கீழுள்ளோர்க்கு வெள்ளம். விடாமலே வைத்திருந்தால் பயனில்லை. பிள்ளையை வெளியுலகுக்கு விடுவதும் இப்படித்தான். சுதந்திரம் வேண்டாம் என்பதன்று நம் வாதம்; அது படிப்படியாக வரவேண்டும் என்பதே.

இது அரசாங்கத்தின் வேலையன்றோ என்பது மூன்றாவது. அரசாங்கத்தின் கடமை நிச்சயம் உண்டு. அதனைக் கேட்டுப் பெறவும் வேண்டும். ஆனால் உத்தியோகத்தர் இடமாற்றம் பெறுவார். கோப்பு இன்னொருவர் மேசைக்குப் போகும். கோப்பு மாறினாலும் மாறாத முகம் ஒன்று பிள்ளைக்கு வேண்டும். அதனை அயலவர் மட்டுமே தரமுடியும்.

உலகம் கற்ற பாடம்

இது உணர்ச்சிப் பேச்சு மட்டுமன்று என்பதற்கு ஆய்வுகளும் துணை நிற்கின்றன. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955 ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளின் வாழ்வை எமி வெர்னர், ரூத் ஸ்மித் என்னும் அறிஞர்கள் நாற்பது வயது வரை பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். கரும்பு, அன்னாசித் தோட்டங்கள் நிறைந்த தீவு அது. கடல் கடந்து வந்த தொழிலாளரின் வழித்தோன்றல்கள் பலர். வறுமை, குடும்பப் பூசல், பெற்றோரின் குடி, மனநோய் எனப் பல இடர்களுக்கு நடுவே பிறந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதராக, திறமையும் அன்பும் உடையவராக வளர்ந்திருந்தனர். அவர்களின் வாழ்வில் மீண்டும் மீண்டும் காணப்பட்டவற்றுள் ஒன்று, அவர்களை நிபந்தனையின்றி ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவர் இருந்தமையாகும். பாட்டியோ, ஆசிரியரோ, அயலவரோ, வழிபாட்டிடத்தைச் சேர்ந்தவரோ அவ்வாறு இருந்தனர்.

நாடுகளும் இதனை உணரத் தொடங்கின. இங்கிலாந்தில் 2000 ஆம் ஆண்டில் வந்த சட்டம், பராமரிப்பிலிருந்து வெளியேறும் இளையோருக்குத் தனிப்பட்ட ஆலோசகர் ஒருவரை ஏற்படுத்தியது. 2017 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுதவியை 25 வயது வரை நீட்டியது. 2009 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள், வெளியேறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இயன்றவரை ஒருவரைத் துணையாக நியமிக்குமாறு கூறுகின்றன. இந்தியாவின் 2015 ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் 18 முதல் 21 வயது வரையிலான பின்பராமரிப்புக்கு இடமளிக்கின்றது.

இன்னோர் ஆய்வு நமக்கு எச்சரிக்கையாக உள்ளது. அமெரிக்காவில் இளம் பிள்ளைகளுக்கும் வழிகாட்டிகளுக்கும் இடையிலான உறவுகளை ஆராய்ந்த கிரொஸ்மன், ரோட்ஸ் ஆகியோர் 2002 இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில் பிள்ளைகள் மிகுந்த நன்மை பெற்றனர். மூன்று மாதங்களுக்குள் முறிந்த உறவுகளில் பிள்ளையின் தன்மதிப்பு தாழ்ந்தது. ஏற்கெனவே கைவிடப்பட்ட பிள்ளையை மீண்டும் கைவிடுதல் பழைய புண்ணைக் கீறுவதாகும். ஆகவே, உற்சாகத்தில் வாக்குக் கொடுத்துப் பின்வாங்குவதைவிட, என்னால் இயலாது என்று முதலிலேயே சொல்லிவிடுதல் அறம்.

வழித்துணையாக வருபவர்க்கு

இவற்றிலிருந்து சில நெறிகள் பெறப்படுகின்றன. குறைந்தது இரண்டு வருடம் தொடர முடியும் என்று உறுதியுள்ளவரே முன்வர வேண்டும். அடிக்கடி பெரிதாகச் செய்வதிலும், தவறாமல் சிறிதாகச் செய்வது மேல். முடிவெடுப்பது பிள்ளை, உடனிருந்து எண்ணிப் பார்க்க உதவுவதே துணைவர் வேலை. பிள்ளை தவறு செய்து திரும்பி வந்தால், முதலில் சோறு, பிறகு பேச்சு. பெற்ற தாய் எங்கோ இருப்பாளாயின் அவளைப் பழித்தல் கூடாது. பிள்ளை அவளைத் தேட விரும்பினால் அதற்கும் துணை நிற்க வேண்டும். கடன் கொடுத்துக் கணக்கு வைத்தல், தன் வீட்டு வேலைக்கோ கடை வேலைக்கோ பயன்படுத்தல் ஆகியன துண்டின் மறுபிறப்பே.

பாதுகாப்பைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். துணை என்ற பெயரில் தீங்கு செய்வோரும் நுழையக் கூடும். எனவே பெண்பிள்ளைகளுக்குப் பெண்களே துணையாதல், ஒருவர் மட்டுமன்றி ஒரு குடும்பமாகப் பழகுதல், இல்லத்துக்கும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் தெரியாமல் எதையும் செய்யாதிருத்தல் என்பன கட்டாயம். இத்தகைய விசாரிப்பை அவமதிப்பாகக் கருதுபவர் இப்பணிக்கு ஏற்றவரல்லர்.

ஆலயமும் அந்த ஒரு வாசலும்

ஆலயம் என்ன செய்யலாம்? திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதும்போது ஊரின் ஒவ்வொரு குடும்பமும் நம் ஏட்டில் வந்துவிடுகின்றது. அந்த ஏட்டில், நமது தோட்டங்களிலிருந்து இல்லங்களுக்குச் சென்ற பிள்ளைகளின் பெயர்களும் இருக்கட்டும். 18 வயதுக்குப் பின்னர் அல்ல, 15, 16 வயதிலேயே அவர்களோடு பழக்கம் தொடங்கட்டும். பரிபாலன சபையும் மாதர் சங்கமும் இளைஞர் மன்றமும் சேர்ந்து, ஆண்டுக்கு ஓரிரு பிள்ளைகளுக்குத் துணைக் குடும்பம் தேடித் தரலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர், தோட்ட உத்தியோகத்தர், மேசன் வேலை தெரிந்தவர், தையல் தெரிந்தவர், வெளியூரில் நல்ல நிலையிலுள்ள நம் பிள்ளைகள் ஆகிய யாவரும் இதற்கு உதவலாம். கல்யாணப் பேச்சு வரும்போது அப்பிள்ளையின் பக்கத்தில் பாய் விரித்து உட்காரச் சில பெரியவர்கள் இருந்தால், அதுவே பெரும் சீதனம்.

அர்ச்சனைத் தட்டோடு வருபவரிடம் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்கின்றார். சிலர் தயங்கி நிற்கின்றனர். பிறந்த நாளே சரியாகத் தெரியாதவர்க்கு நட்சத்திரம் எங்கே தெரியும்? நம் சிவாச்சாரியார்கள் அதற்காக எவரையும் திருப்பி அனுப்புவதில்லை. சுவாமி பெயரில் சங்கற்பம் செய்கின்றனர். கோத்திரம் அறியாதவரைச் சிவகோத்திரம் என்று சொல்லிச் சேர்த்துக்கொள்கின்றனர். கருவறைக்கு முன் நாம் ஏற்றுக்கொண்ட இந்த உண்மையைக் கோபுர வாசலுக்கு வெளியிலும் கைக்கொள்ள வேண்டும். குலம் தெரியாதவர் சிவனின் குலம் என்றால், அவர் நம் உறவினர். உறவினருக்குச் செய்வது தர்மம் அன்று, முறை.

கடமை உண்டா என்று தொடக்கத்தில் கேட்டோம். உண்டு. அது ஆளும் உரிமையைத் தருவதன்று, நன்றியை எதிர்பார்ப்பதன்று. பிள்ளை வாசல் தாண்டும்போது உடன் சில தூரம் நடந்து, பின்னர் திரும்பி வரும் பாதை மறைந்து போகாமல் ஒரு விளக்கை வைத்துக் காத்திருப்பதே அக்கடமை. இவ்வாண்டுத் தீபாவளிக்கு நம் வீடுகளில் சில வீடுகளேனும் ஓர் இலை கூடுதலாக விரிக்குமாயின், இம்மலரை வெளியிட்டதன் பயன் நிறைவேறியதாகும். அதற்கான நெஞ்சுரத்தையும் நிலைத்த அன்பையும் அகிலாண்ட நாயகியாகிய அம்பாள் நம் அனைவர்க்கும் அருள்வாளாக.